முன் அச்சுக்கும் ஒரு பூட்டு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்படியொரு புயல் மழைக்குப் பின் கடலூர் மணலிலோ சிதம்பரத்துக் களிமண்ணிலோ இறங்கினால், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகூடச் சிக்கிக்கொள்ளும்.

காரணம் டிஃபரென்ஷியல். திருப்பத்தில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல அதுதான் வழிசெய்கிறது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்தால் அது மட்டும் வீணாகச் சுழலும். கெட்டித் தரையில் இருக்கும் மற்றது அசையாது. டிஃபரென்ஷியலைப் பூட்டினால் இரண்டும் சேர்ந்து சுழலும். டிராக்டர் ஓட்டுநர்கள் சேற்று வயலில் பின் அச்சுக்குப் போடும் 'லாக்' இதுவே.

முன் அச்சுக்கான பூட்டை நிதானித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் வண்டியைத் திருப்புவதும் அந்தச் சக்கரங்கள்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை விலை குறைவு. ஆனால் ஸ்டீயரிங்கை இழுக்கும். வேண்டியபோது ஓட்டுநரே போட்டு எடுக்கும் வகை பாதுகாப்பானது. இவ்வகையைச் சேர்ந்த, ஆஸ்திரேலிய நிறுவனமான ஏஆர்பியின் ஏர் லாக்கர் அமுக்கப்பட்ட காற்றால் இயங்குகிறது. ஃபோர்ஸ் கூர்க்கா வண்டியில் முன், பின் இரு அச்சுகளுக்கும் தொழிற்சாலையிலேயே பூட்டு பொருத்தித் தருகிறார்கள்.

முதலில் பின்பூட்டு, அது போதாவிட்டால் மட்டுமே முன்பூட்டு. தார்ச்சாலையில் ஏறுமுன் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் திருப்பத்தில் ஆக்சில் தண்டு உடையக்கூடும்.