கோப்பை வென்றும் களம் இழக்கும் அணிகள்: பிரிட்டன் ஸ்பீட்வே பந்தயத்தின் நெருக்கடி என்ன?

பிரிட்டனின் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 2019-ஆம் ஆண்டு முதல்நிலை லீக் பட்டத்தை வென்ற ஸ்விண்டன் ராபின்ஸ் அணி, அதன்பின் ஒரு லீக் ஆட்டத்தில்கூடக் களமிறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டாம்நிலைப் போட்டிகளில் மூன்று கோப்பைகளைக் கைப்பற்றிய வொர்கிங்டன் காமெட்ஸ் அணியும் அடுத்த பருவத்தில் இடம்பெறவில்லை. தோல்வியால் அணிகள் கலைவது விளையாட்டில் புதிதல்ல. வென்ற அணிகளே மறைந்துபோவதுதான் பிரிட்டன் ஸ்பீட்வேயின் விசித்திரமான நிலை.

ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு கொண்ட இந்த விளையாட்டு, உலக சாம்பியன்களை உருவாக்கிய மண்ணிலேயே ஏன் சுருங்கி வருகிறது என்பதை இங்கே காணலாம்.

ஸ்பீட்வே என்றால் என்ன?

ஸ்பீட்வே, நீள்வட்ட வடிவிலான மண் தடத்தில் நடைபெறும் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு பந்தயத்தில் நான்கு வீரர்கள் பங்கேற்று, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நான்கு சுற்றுகள் ஓட்டுவர். முழுப் பந்தயமும் சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதில் பயன்படுத்தப்படும் வாகனத்தில் பிரேக் கிடையாது. கியரும் ஒன்றே. மெத்தனாலில் இயங்கும் 500 சிசி ஒற்றை சிலிண்டர் என்ஜின் பொருத்தப்பட்ட இந்த வாகனத்தின் எடை குறைந்தபட்சம் 77 கிலோ இருக்க வேண்டும். நேர்ப்பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிச் செல்லும் வீரர்கள், வளைவில் வேகத்தைக் குறைக்கப் பின்சக்கரத்தையே சறுக்கவிடுகின்றனர். வாகனம் இடப்புறம் திரும்பும்போது முன்சக்கரம் வலப்புறம் பார்த்திருக்கும். இரும்புத் தகடு பொருத்திய இடக்காலணியைத் தரையில் உரசியபடி வீரர் சமநிலை காப்பார்.

இந்த வேகத்தில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவரால் நிறுத்த இயலாது. எனவேதான் பல அரங்குகளில் வளைவுகளைச் சுற்றிக் காற்று நிரப்பிய தடுப்புகள் அமைக்கப்பட்டுள்ளன.

அணிப் போட்டி எப்படி நடைபெறுகிறது?

உலக சாம்பியன் பட்டம் தனிநபருக்கானது என்றாலும், ஸ்பீட்வேயின் அன்றாட வாழ்க்கை அணி லீக்குகளில்தான் நடைபெறுகிறது. பிரிட்டனில் ஓர் அணிக்கு ஏழு வீரர்கள். ஓர் ஆட்டத்தில் 15 பந்தயங்கள். ஒவ்வொரு பந்தயத்திலும் அணிக்கு இருவர் இறங்குவர். உள்ளூர் அணியினர் சிவப்பு, நீலத் தலைக்கவச உறைகளையும், வெளியூர் அணியினர் வெள்ளை, மஞ்சள் உறைகளையும் அணிவர்.

முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 புள்ளி வழங்கப்படும். கடைசியாக வருபவருக்குப் புள்ளி இல்லை. ஆக ஒரு பந்தயத்துக்கு 6 புள்ளிகள் வீதம், ஆட்டத்தில் மொத்தம் 90 புள்ளிகள். 46 புள்ளிகளை எட்டும் அணிக்கு வெற்றி உறுதியாகிவிடும்.

அணிகளிடையே சமநிலை காக்க மற்றொரு விதியும் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் அவர் ஈட்டிய புள்ளிகளின் அடிப்படையில் ஒரு சராசரி கணக்கிடப்படுகிறது. ஏழு வீரர்களின் சராசரிகளைக் கூட்டினால், அந்தப் பருவத்துக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பைத் தாண்டக் கூடாது. இதனால் பணம் உள்ள அணி நட்சத்திர வீரர்கள் அனைவரையும் வளைத்துப்போட முடியாது. அதேவேளையில், நன்றாக ஆடிச் சராசரியை உயர்த்திக்கொண்ட வீரர்களை அடுத்த ஆண்டு பிரிய வேண்டிய நிலை வெற்றி பெற்ற அணிக்கே ஏற்படுகிறது.

பிரிட்டனில் வேரூன்றியது எப்படி?

நவீன ஸ்பீட்வேயின் தொடக்கம் ஆஸ்திரேலியாவோடு இணைத்துப் பேசப்படுகிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெயிட்லாந்தில் 1923-ஆம் ஆண்டு பந்தயங்களை நடத்திய ஜானி ஹாஸ்கின்ஸ் இதன் முன்னோடிகளில் ஒருவர். பிரிட்டனில் 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனை அடுத்த எப்பிங் வனப்பகுதியின் ஹை பீச்சில் நடைபெற்ற பந்தயமே பெரும் திருப்புமுனையானது. அமைப்பாளர்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் அன்று திரண்டது. மறு ஆண்டே லீக் போட்டிகள் தொடங்கின.

உலக சாம்பியன் இறுதிப் போட்டி முதன்முதலாக 1936-ஆம் ஆண்டு லண்டன் வெம்பிளி அரங்கில் நடைபெற்றது. ஆஸ்திரேலியாவின் லயனல் வான் பிராக் வென்றார். அதே அரங்கில் 1981-இல் நடைபெற்ற கடைசி இறுதிப் போட்டியை 90,000-க்கும் மேற்பட்டோர் கண்டு களித்தனர். ஆறு முறை உலக சாம்பியனான நியூசிலாந்தின் ஐவன் மேஜர், ஐந்து முறை வென்ற ஸ்வீடனின் ஓவே ஃபண்டின் ஆகியோரும் பிரிட்டன் அணிகளுக்காக ஆடியவர்களே. உலகின் சிறந்த வீரராக விரும்பியவர் பிரிட்டனுக்கு வந்தே தீர வேண்டும் என்பது அன்றைய நிலை.

1965-இல் இரு லீக்குகள் இணைந்து பிரிட்டிஷ் லீக் உருவானபோது அதில் 18 அணிகள் இருந்தன. 2024-இல் முதல்நிலை லீக்கான பிரீமியர்ஷிப்பில் ஆடியவை 7 அணிகள் மட்டுமே. அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், இளம் வீரர்களுக்கான நேஷனல் டெவலப்மென்ட் லீக் என இரு நிலைகள் உள்ளன.

வென்ற அணிகள் மறைவது ஏன்?

இக்கேள்விக்கான முதன்மையான விடை ஓடுதளத்தின் அடியில் உள்ள நிலத்தில் இருக்கிறது. பிரிட்டனின் பெரும்பாலான ஸ்பீட்வே அணிகளுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. நாய்ப் பந்தய நிறுவனங்களுக்கோ, நிலவணிக நிறுவனங்களுக்கோ சொந்தமான அரங்கில் வாடகைக்கு ஆடுகின்றன. நகரம் விரிவடைந்து மனை விலை உயரும்போது, வாரத்துக்கு ஒருநாள் மாலை நடைபெறும் பந்தயம் தரும் வாடகையைவிட, அந்த இடத்தில் எழும் வீடுகள் தரும் வருவாய் உரிமையாளருக்குப் பன்மடங்கு கவர்ச்சியாகிறது.

லண்டனின் அனுபவம் இதற்குச் சான்று. 1965-இல் பிரிட்டிஷ் லீக்கின் முதல் சாம்பியனான வெஸ்ட் ஹாம் அணியின் கஸ்டம் ஹவுஸ் அரங்கம் 1972-இல் மூடப்பட்டது. இன்று அங்கே குடியிருப்புகள் உள்ளன. ஹாஸ்கின்ஸ் உள்ளிட்ட ஸ்பீட்வே முன்னோடிகளின் பெயர்கள் அங்குத் தெருப்பெயர்களாக மட்டும் எஞ்சியுள்ளன. ஹாக்னி அரங்கம் இருந்த இடம் பின்னர் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்குள் அடங்கியது. 2005-ஆம் ஆண்டு விம்பிள்டன் அணியும் விடைபெற்ற பிறகு லண்டனில் ஸ்பீட்வே அணியே இல்லை.

இதே கதை பிற நகரங்களிலும் தொடர்கிறது. 1928 முதல் பந்தயம் கண்ட உல்வர்ஹாம்ப்டன் மோன்மோர் கிரீன் அரங்கில் 2023-உடன் ஸ்பீட்வே முடிவுக்கு வந்தது. 2021-இல் பிரீமியர்ஷிப் பட்டம் வென்ற பீட்டர்பரோ பாந்தர்ஸ் அணியும் அதே 2023-இல் தன் களத்தை இழந்தது.

பிற காரணங்களும் இல்லாமல் இல்லை. அணிகளின் வருவாய் பெரிதும் நுழைவுச்சீட்டையே நம்பியுள்ளது. திறந்தவெளி மண் தடம் என்பதால் மழை பெய்தால் ஆட்டம் ரத்தாகும்; அன்றைய வருவாயும் போய்விடும். 2021-இல் ஈஸ்ட்போர்ன், 2022-இல் நியூகாசில் ஆகிய அணிகள் பருவத்தின் நடுவிலேயே விலகின.

பிராண்டன் அரங்கின் வழக்கு

கோவென்ட்ரி நகரை அடுத்த பிராண்டன் அரங்கின் நிலையை ஸ்பீட்வே ரசிகர்கள் உன்னிப்பாகக் கவனித்து வருகின்றனர். 1928 முதல் பந்தயம் நடைபெற்ற இந்த அரங்கம், பிரிட்டிஷ் கிராண்ட் பிரி கார்டிஃப் நகருக்கு மாறுமுன் அதற்குக் களமாக இருந்தது. இங்கு ஆடிய கோவென்ட்ரி பீஸ் அணி 2005, 2007, 2010 ஆகிய ஆண்டுகளில் முதல்நிலை லீக் பட்டத்தை வென்றது. 2016 பருவத்துடன் இங்குப் பந்தயம் நின்றது.

அந்த இடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் திட்டத்தை ரக்பி நகராட்சி 2022-இல் நிராகரித்தது. நிலவுரிமையாளரின் மேல்முறையீடும் 2023-இல் தள்ளுபடியானது. ஓர் ஊரின் விளையாட்டுக் களத்தை, அதற்கு ஈடான வசதி தராமல் அழிக்க முடியுமா என்பதே இவ்வழக்கின் மையம். வீடுகள் எழாமல் தடுக்க ரசிகர்களால் முடிந்தது. ஆனால் தீக்கும் சேதத்துக்கும் இரையாகிக் கிடக்கும் அரங்கைத் திறக்கும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்த அந்தத் தீர்ப்பால் இயலாது.

போலந்தின் ஈர்ப்பு

பிரிட்டன் பின்தங்கிய காலத்தில் போலந்து முன்னேறியது. அங்கே ஸ்பீட்வே பெரும் மக்கள் விளையாட்டு. தொலைக்காட்சி உரிமம், விளம்பர ஆதரவு, நகராட்சிகளின் பங்களிப்பு ஆகிய மூன்றும் அங்குள்ள எக்ஸ்ட்ராலிகா லீக்கை உலகின் செல்வ வளமிக்க ஸ்பீட்வே லீக்காக்கியுள்ளன. டோருன் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட மோட்டோஅரீனா, நகர நிர்வாகம் ஸ்பீட்வேக்கென்றே அமைத்த அரங்கம். 2019-க்கும் 2024-க்கும் இடையே ஐந்து முறை உலக சாம்பியனான பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக் போலந்து வீரரே.

டி20 கிரிக்கெட் வீரர்கள் பல நாட்டு லீக்குகளில் ஆடுவதுபோல, ஸ்பீட்வே வீரர்களும் ஒரே பருவத்தில் பல நாட்டு அணிகளுக்கு ஆடுகின்றனர். கிரிக்கெட்டில் தொடர்கள் மாதக் கணக்கில் பிரிந்திருக்கும். ஸ்பீட்வேயில் ஒரே வாரத்துக்குள் நாடு மாற வேண்டும். வார இறுதி போலந்துக்குரியது என்பதால், பிரிட்டனின் முதல்நிலை ஆட்டங்கள் பெரும்பாலும் திங்கள், வியாழன் மாலைகளில் நடைபெறுகின்றன. மறுநாள் பள்ளி செல்ல வேண்டிய குழந்தைகளுடன் குடும்பங்கள் வருவதற்கு ஏற்ற நாள்கள் அல்ல இவை.

வீரர்களின் நிலை

பிரிட்டனில் திறமைக்குப் பஞ்சமில்லை. 2000-ஆம் ஆண்டு மார்க் லோரம் உலக சாம்பியனான பிறகு நீண்ட இடைவெளி நிலவியது. அதை நிரப்பிய டை வொஃபிண்டன் 2013, 2015, 2018 என மூன்று முறை வென்று, பிரிட்டனின் மிக வெற்றிகரமான வீரரானார். 2021-இல் மான்செஸ்டரில் நடைபெற்ற 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' போட்டியில் ராபர்ட் லாம்பர்ட், டான் பியூலி, டாம் பிரென்னன் ஆகியோர் அடங்கிய அணி, 1989-க்குப் பிறகு முதன்முறையாக பிரிட்டனுக்கு உலக அணிப் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. 2022-இல் பியூலி கார்டிஃப் கிராண்ட் பிரியை வென்றார். 2024 உலக சாம்பியன் போட்டியில் லாம்பர்ட் இரண்டாமிடம் பெற்றார்.

இவ்வெற்றிகளுக்கான விலை பெரிது. வீரர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். என்ஜின், வாகனம், உதவியாளர், பயணம் என அனைத்தையும் தாமே பார்த்துக்கொண்டு, பெறும் புள்ளிகளுக்கு ஏற்ப ஊதியம் ஈட்டுகின்றனர். காயம் பட்டால் வருவாயும் நின்றுவிடும். வொஃபிண்டன் 2025 மார்ச் மாதம் போலந்தின் கிராஸ்னோ நகரில் நிகழ்ந்த விபத்தில் பல எலும்பு முறிவுகளுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அணிகள் குறைவதன் உண்மையான பாதிப்பு இளையோருக்கே. கும்ப்ரியா பகுதியைச் சேர்ந்த பியூலி, தம் தொடக்க ஆண்டுகளில் அண்மையிலிருந்த வொர்கிங்டன் அணிக்கு ஆடியவர். அந்த அணிதான் 2018-இல் கோப்பைகளைக் குவித்துவிட்டு மறு ஆண்டு ஒதுங்கியது. உள்ளூர் இளைஞர்களுக்கு வாய்ப்பளிக்க, பிரீமியர்ஷிப் அணிகளில் ஓரிடத்தை ஒதுக்கும் 'ரைசிங் ஸ்டார்' திட்டம் 2021-இல் கொண்டுவரப்பட்டது. எனினும் பயிலக் களம் இருந்தால்தான் ஒதுக்கீட்டுக்குப் பயன் உண்டு.

மான்செஸ்டர் காட்டும் வழி

மாற்று வழிக்கும் சான்றுகள் உள்ளன. மான்செஸ்டரின் கோர்ட்டன் பகுதியில் மாநகராட்சியின் ஆதரவுடன் அமைக்கப்பட்ட தேசிய ஸ்பீட்வே அரங்கம் 2016-இல் திறக்கப்பட்டது. தொடக்கம் சுமுகமாக இல்லை. தடம் உரிய நிலையில் இல்லாததால் தொடக்கநாள் ஆட்டமே தள்ளிவைக்கப்பட்டது. முதல் பருவத்துக்குப் பின் அணியின் நிர்வாகமும் கைமாறியது. ஆனால் களம் நிலைத்திருந்ததால் அணியும் நிலைத்தது. அங்கு ஆடும் பெல் வியூ ஏசஸ் அணி, 1993-க்குப் பிறகு முதன்முறையாக 2022-இல் லீக் பட்டத்தை வென்றது. 2024-இல் மீண்டும் வென்றது. 2001 முதல் கார்டிஃப் நகரில் நடைபெற்றுவந்த கிராண்ட் பிரி 2025-இல் இந்த அரங்குக்கே வந்தது.

2007-இல் நின்றுபோன ஆக்ஸ்போர்டு ஸ்பீட்வே 2022-இல் திரும்பியது. லெஸ்டர் நகரிலோ, 1928 முதல் இயங்கிய பிளாக்பேர்ட் ரோடு அரங்கம் 1983-உடன் வீட்டுமனைகளுக்காக மூடப்பட்டது. அந்நகரில் மீண்டும் ஸ்பீட்வே ஒலி எழுந்தது 2011-இல், போமன்ட் பார்க்கில் புதிய தடம் அமைந்த பின்னரே.

இடைப்பட்டவை 28 ஆண்டுகள். இழந்த களத்தை மீட்பது இயலாத செயல் அன்று என்பதை லெஸ்டர் உணர்த்துகிறது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை இளைஞர்கள் ஒருமுறைகூட உள்ளூர்த் தடத்தில் ஓட்டிப் பார்க்காமலேயே வயது கடந்துவிடுகின்றனர். எஞ்சியுள்ள அரங்குகளின் குத்தகைகளும், பிராண்டன் போன்ற நிலங்களின் மீதான திட்ட முடிவுகளும் பிரிட்டன் ஸ்பீட்வேக்குக் கோப்பைகளைவிட முக்கியமாகியிருப்பது இதனால்தான்.