சப்ஜா விதை: ஊறிய பின்பே பருகுங்கள்

வேலூர், ஆம்பூர் வெயிலில் நோன்பு திறக்கையில் சப்ஜா விதை கலந்த சர்பத் இதமளிக்கும். இது திருநீற்றுப் பச்சிலையின் விதை. இப்போது கடைகளில் விற்கும் சியா விதை வேறு. அது மெக்ஸிகோ நாட்டுச் செடிக்குரியது. இரண்டுமே நீரை உறிஞ்சிப் பன்மடங்கு பருப்பவை.

சகோதரிகளே! உலர்ந்த விதையை விழுங்கி, மேலே நீர் அருந்தாதீர்கள். அமெரிக்காவில் ஒருவர் அவ்வாறு செய்ய, சியா உணவுக்குழாயிலேயே பருத்து அடைத்துக்கொண்டது. 2014ஆம் ஆண்டு மருத்துவர்கள் இதனை எடுத்துரைத்தனர்.

ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு குவளை நீர் ஊற்றிக் கலக்குங்கள். சப்ஜாவுக்குக் கால்மணி, சியாவுக்கு அரைமணி நேரம் வேண்டும். சியா கட்டிபடாமல் இடையே கிளறுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் ஊறவைத்தால் மஃரிபு பாங்குக்குள் பதமாகிவிடும். விழுங்கச் சிரமப்படும் முதியோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஊறியதையும் தவிர்ப்பதே நலம். உடல் அல்லாஹ் நமக்களித்த அமானிதமன்றோ!