சூடுமானி முள் ஏறும்போது: கொதிக்கும் காரை ஓட்டிச் செல்வதன் விலை

பார்க் எக்ஸ்டென்ஷனில் வாழும் எமது குடும்பங்களுக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. அதிகாலை வேலைக்கும், வாராந்தச் சாமான் கொள்வனவுக்கும், ஏறத்தாழ 540 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ரொறன்ரோவில் நிகழும் உறவினர் திருமணங்களுக்கும் அதுவே துணை. பெரும்பாலும் அது பல கைகள் மாறி வந்த பழைய காராகவே இருக்கும். அத்தகைய காரின் சூடுமானி முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும்போதும், "இன்னும் கொஞ்சத் தூரந்தானே" என்று ஓட்டிச் செல்வோர் எம்மிடையே பலர். வேலைக்குப் பிந்திவிடும் என்ற பயமும், இழுவை வண்டிக்குக் கொடுக்கவேண்டிய பணமும் அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டுகின்றன என்பதை நாம் அறிவோம்.

இதற்கு ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். 1990களில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதிருந்தபோது, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொதித்தால் மரநிழலில் நிறுத்தி, அருகிலுள்ள வளவுக் கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளி ஊற்றிவிட்டு மீண்டும் புறப்படுவோம். அக்கார்களின் எஞ்சின் உடலும் அதன்மேல் பூட்டப்படும் தலைப்பகுதியும் கனத்த வார்ப்பிரும்பு. அவை பொறுத்துக்கொண்டன. இன்றைய கார்களின் தலைப்பகுதியோ அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடேறினால் அது வளைந்துவிடும். இரண்டுக்கும் இடையேயுள்ள கஸ்கெற் கிழியும். பின்னர் குளிரூட்டும் நீர் ஒயிலோடு கலந்து பால்போலாகும். புகைக்குழாயில் இனிப்பு மணத்துடன் வெண்புகை வரும். சில டொலர் பெறுமதியான இறப்பர்க் குழாயோ தேமோஸ்டற்றோ பழுதாகித் தொடங்கிய வினை, காரின் பெறுமதியையே விஞ்சும் திருத்தச் செலவில் சென்று முடிவதை நாம் அடிக்கடி காண்கின்றோம்.

ஒன்றை இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். ஏறிய முள் தானாகவே திடீரென்று கீழே இறங்கினால், சூடு தணிந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். நீர் முழுவதும் வெளியேறி, சூட்டை அளக்கும் கருவி வெறும் காற்றில் நிற்கின்றது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அதன்பின் ஓட்டினால், ஒயில் நீர்த்துப்போய், பிஸ்ரன்கள் இறுகி, ஓடும் வீதியிலேயே எஞ்சின் நின்றுவிடக்கூடும்.

தீயும் பற்றலாம். 2017 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் ஃபோர்ட் நிறுவனம் 4,556 கூகா கார்களை மீள அழைத்தது. குளிரூட்டும் நீரின் சுழற்சி குறைந்து எஞ்சின் சூடேறினால், தலைப்பகுதி வெடித்து ஒயில் கசிந்து தீப்பற்றக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. அக்கார் இங்கு எஸ்கேப் என்ற பெயரில் விற்கப்பட்டது, அதே 1.6 லீற்றர் எஞ்சினுக்காக வட அமெரிக்காவிலும் மீளழைப்புகள் நிகழ்ந்தன. பழைய கார் வாங்குவோர், அதற்கு மீளழைப்பு உண்டா என்பதைக் கனடாப் போக்குவரத்து அமைச்சின் பட்டியலில் பார்த்துக்கொள்வது நன்று. இத்தகைய திருத்தம் பொதுவாக இலவசம்.

எமது பகுதியின் வடக்கே செல்லும் மெற்றோபொலித்தான் நெடுஞ்சாலை பெரும்பாலும் தூண்களின் மேல் நிற்பது. அதன் பல இடங்களில் ஒதுங்கி நிற்க ஓரமே கிடையாது. ஆகவே முள் நடுக்கோட்டைத் தாண்டியவுடனேயே குளிர்சாதனத்தை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, ஹீற்றரை முழு அளவில் போடுங்கள். கோடையில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் ஹீற்றரும் ஒரு சிறிய ரேடியேற்றரே, எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுத்துவிடும். அடுத்த வெளிவழியால் இறங்கி நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ நீராவி கிளம்பினாலோ வெளிவழிக்காகக் காத்திராது, பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய முதல் இடத்திலேயே எஞ்சினை அணைக்கவேண்டும். கார் நடுவழியில் நின்றுவிட்டால் 911ஐ அழையுங்கள்.

யூலை முதலாந் திகதி கியூபெக்கில் வீடு மாறும் நாள். கூரைவரை சாமான் ஏற்றிய கார்கள் சந்திக்குச் சந்தி நின்று ஊர்ந்து போகும் நாள் அது. 2018இல் அதற்கு மறுநாள் மொன்றியலில் 36.6 பாகை பதிவாகியது. நகரில் அதுவரை பதிவானவற்றுள் அதுவே உச்சம். காற்றோட்டமின்றி ஊரும் காரில் ரேடியேற்றரின் மின்விசிறி பழுதென்றால் சொற்ப நேரத்தில் கொதித்துவிடும்.

நிறுத்தியபின் ரேடியேற்றர் மூடியை உடனே திறத்தலாகாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைக்கும். அரை மணி நேரமேனும் பொறுத்து, மூடி கைக்குக் குளிர்ந்த பின்னரே தொடவேண்டும். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்நீர் ஊற்றினாலும் வெடிப்பு விழலாம்.

கோடையில் அவசரத்துக்கு ஊற்றிய வெறும் நீரை மறந்துவிடுவோர்தாம் மார்கழியில் அழுகின்றார்கள். நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது வீதம் பருக்கும். அந்த விசைக்கு வார்ப்பிரும்பும் பிளக்கும். உறைநீர் ரேடியேற்றரை அடைத்துக்கொண்டால், வெளியே மறை 25 பாகைக் குளிரிலும் எஞ்சின் கொதிக்கும்! அன்ரிஃபிறீசும் நீரும் சரிபாதியாகக் கலந்தால் மறை 37 பாகைவரை தாங்கும். கூடுதல் பலம் தருமென்று தனி அன்ரிஃபிறீசை ஊற்றுவது தவறு. கலக்காத அன்ரிஃபிறீஸ் மறை 13 பாகையளவிலேயே உறையத் தொடங்கும். இலையுதிர் காலத்தில் கராஜுக்குச் சென்று அளந்து பார்ப்பது சில நிமிட வேலை. பெரிய திருத்தமாயின், வேலை தொடங்குமுன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டியது கியூபெக் சட்டப்படி கராஜின் கடமை. பிரெஞ்சு தெரியாதவர்களும் அதனைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளிடம் வாசிப்பித்த பின்னரே கையொப்பமிடலாம்.

மிஞ்சிய அன்ரிஃபிறீசைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்கும் வழக்கமும் எம்மிடையே உண்டு. அது இனிக்கும் நஞ்சு; சிறு அளவே குழந்தையின் சிறுநீரகங்களைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். குழந்தை குடித்துவிட்டதென்று ஐயம் எழுந்தால் அறிகுறிகளுக்காகக் காத்திராமல் கியூபெக் நஞ்சுத் தடுப்பு நிலையத்தை 1-800-463-5060 என்ற இலக்கத்தில் உடனே அழையுங்கள். அழைப்பு இலவசம், இரவிலும் பதில் கிடைக்கும்.