சவுலின் கவசத்தைத் தாவீதுக்கு அணிவிக்கலாமா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், மும்பையிலுள்ள நம் தமிழ்க் குடும்பங்களின் தொலைபேசிகள் ஓய்வதில்லை. திருநெல்வேலியிலிருந்து பெரியப்பா அழைக்கிறார். தூத்துக்குடியிலிருந்து அத்தை அழைக்கிறார். மதிப்பெண் எவ்வளவு என்பது முதற்கேள்வி. "ஃபர்ஸ்ட் குரூப்தானே?" என்பது அடுத்த கேள்வி. இங்கே அதற்கு 'சயின்ஸ்' என்று பெயர். 'காமர்ஸ்' என்று பதில் சொன்னால் மறுமுனையில் சற்று மௌனம். 'ஆர்ட்ஸ்' என்றாலோ, "ஏன், மார்க் குறைஞ்சு போச்சா?" என்ற விசாரிப்பு.

இந்த ஏக்கத்தின் காரணத்தை நான் அறியாதவனல்ல. நம்மில் அநேகர் ஒரு டிரங்குப் பெட்டியோடு தாதர் நிலையத்தில் வந்திறங்கியவர்கள். தாராவியின் ஒற்றை அறையில் எட்டுப்பேராய்ப் படுத்துறங்கி, இட்லி விற்றும் தோல் பதனிட்டும் பிள்ளைகளை வளர்த்தவர்கள். மகன் மருத்துவரானால், மகள் பொறியாளரானால், தாங்கள் பட்ட நிந்தை நீங்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்த ஏக்கத்தின் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றலாமா என்பதே இன்று நாம் சிந்திக்கவேண்டிய காரியம்.

என் அறிக்கை

இதில் பெற்றோரை மாத்திரம் குற்றஞ்சாட்ட எனக்கு உரிமையில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஜூன் மாத ஆராதனை ஒன்றில், பத்தாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளை முன்னே அழைத்து ஜெபித்தேன். ஒரு மகளின் தலைமேல் கைவைத்தபோது, "கர்த்தர் உன்னை மருத்துவராக்குவார்" என்றேன். சபையார் "ஆமென்" என்று ஆர்ப்பரித்தார்கள். தாயார் கண்ணீர் வடித்தார். அந்த மகளுக்கு வரலாற்றுப் பாடத்தின்மேல் பிரியம் என்பதை நான் விசாரித்து அறியவில்லை.

அவள் அறிவியல் பிரிவில் சேர்க்கப்பட்டாள். காலையில் கல்லூரி, மாலையில் நீட் பயிற்சி. பதினோராம் வகுப்பில் இயற்பியலிலும் வேதியியலிலும் தேறவில்லை. வாலிபர் கூட்டத்திற்கு வருவதை நிறுத்தினாள். வீட்டிற்குச் சென்று பேசியபோது அவள் என்னிடம் கேட்டது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "ஐயா, கர்த்தர் சொன்னது பொய்யாகாதே. அப்படியென்றால் என்கிட்டதான் ஏதோ பாவம் இருக்கா?"

பிரியமானவர்களே, பாடத்தில் தோற்ற பிள்ளை, தேவனே தன்னைத் தள்ளிவிட்டார் என்று எண்ணிவிட்டாள். அன்று நான் பேசியது ஆவியானவரின் வார்த்தையல்ல, என் ஆசையின் வார்த்தை என்று அவளிடமும், பின்பு சபைக்கு முன்பாகவும் அறிக்கையிட்டேன். தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணவேண்டாம் என்று எழுதிய பவுல், அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படியும் கட்டளையிடுகிறார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). அதை நான் செய்யவில்லை.

வேதம் காட்டும் வழி

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் தன் கவசத்தை அணிவித்தான். சவுலுக்குத் தீய நோக்கம் இல்லை; பிள்ளையாண்டான் பிழைக்கவேண்டும் என்றே விரும்பினான். ஆனால் தாவீது, அதில் தனக்குப் பழக்கமில்லை என்று களைந்துபோட்டான் (1 சாமுவேல் 17:38, 39). அவன் கையில் கவணும் கூழாங்கற்களும் இருந்தன. கர்த்தர் அவைகளைக்கொண்டே ஜெயங்கொடுத்தார்.

ஆவியின் அபிஷேகத்தை வாஞ்சிக்கும் நாம் இன்னொன்றையும் கவனிப்போமாக. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படுகிற பெசலெயேல் ஆசாரியனுமல்ல, போர்வீரனுமல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலைசெய்த கைவினைஞன். தானியேலும் அவன் தோழரும் பாபிலோனில் கற்றது கல்தேயரின் எழுத்தும் மொழியுமே. லூக்கா மருத்துவன், மத்தேயு கணக்கறிந்த ஆயக்காரன். தேவன் இவர்களில் ஒருவரையும் மற்றவரின் தொழிலுக்கு மாற்றவில்லை.

"சயின்ஸ் எடுத்தால் எல்லாக் கதவும் திறந்திருக்குமே?"

இந்தக் கேள்வியில் உண்மை உண்டு. அறிவியல் படித்தவர் பின்னர் கலை, வணிகப் பட்டங்களுக்கு மாறலாம். வணிகம் படித்தவர் எம்.பி.பி.எஸ். சேர இயலாது. ஆனால் விருப்பமில்லாத பாடத்தில் இரண்டாண்டு போராடி, மதிப்பெண்ணும் மனத்திடனும் இழந்த பிள்ளைக்குத் திறந்த கதவும் குறுகிப்போகிறதே! 2024-இல் நீட் தேர்வு எழுதியோர் 23 இலட்சத்திற்கும் மேல். நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு இலட்சத்தைச் சற்றே தாண்டியவை. இராஜஸ்தானின் கோட்டா நகரில், 2023-இல் பயிற்சி மாணவர்களின் தற்கொலைகள் பெருகியபோது, விடுதி மின்விசிறிகளில் பாரம் தாங்காத சுருள்வில் கருவி பொருத்தும்படி மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. மின்விசிறியைத் திருத்தவேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம். நம் மனதை எப்போது திருத்தப்போகிறோம்?

மற்றப் பிரிவுகளுக்கு வழியில்லை என்பதும் உண்மையன்று. சி.ஏ. அடிப்படைத் தேர்வை எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவரும் எழுதலாம். ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கான கிளாட் தேர்வும் அப்படியே. ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். நம் மும்பையிலேயே, தேவ்னாரில், 1936-இல் தொடங்கப்பட்ட டாட்டா சமூக அறிவியல் கழகம் சமூகப்பணியில் பட்டமளிக்கிறது. பாடப்பிரிவுகளுக்கிடையே உயர்வு தாழ்வு கூடாது என்பதே 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் நோக்கமும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் பிள்ளையோடு தனித்து அமர்ந்து கேளுங்கள். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறான்? எதைக் கண்டால் அவள் முகம் வாடுகிறது?

இரண்டாவது, உண்மையாகவே அறிவியலில் தாகமுள்ள பிள்ளையை உற்சாகப்படுத்துங்கள். அதுவும் தேவ அழைப்பே. நண்பர்களோடு பிரியக்கூடாது என்பதற்காக ஒரு பிரிவைத் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கோ நிதானமாய் ஆலோசனை கொடுங்கள்.

மூன்றாவது, சேர்ந்த சில மாதங்களிலேயே பிள்ளை தடுமாறினால், பிரிவை மாற்றிக்கொள்ள வழியுண்டா என்று கல்லூரியில் விசாரியுங்கள். ஓராண்டு போனாலும் போகட்டும், பிள்ளை மிஞ்சட்டும்.

நான்காவது, ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: சாட்சி வேளையில் மருத்துவ இடம் பெற்றவருக்குக் கைதட்டுவதுபோல், பி.ஏ. சேர்ந்தவருக்கும், ஐ.டி.ஐ. சேர்ந்தவருக்கும் கைதட்டுங்கள்.

அந்த மகள் மறு ஆண்டு கலைப்பிரிவில் சேர்ந்தாள். இன்று வரலாற்றில் பட்டம் பயில்கிறாள். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறாள். ஆனால் பிள்ளைகளை ஜெபத்திற்காக நான் முன்னே அழைக்கும்போது, அவள் மாத்திரம் தன் இடத்திலேயே அமர்ந்திருக்கிறாள். நான் வற்புறுத்துவதில்லை. இப்பொழுதெல்லாம் ஒரு பிள்ளையின் தலைமேல் கைவைக்குமுன், "உனக்கு என்ன படிக்கப் பிரியம், மகளே?" என்று கேட்கிறேன். அதன்பின்பே ஜெபிக்கிறேன்.

பெற்றோரே, நம் பிள்ளைகளைத் தாயின் கருவில் உருவாக்கினவர் அவர்களுக்கென்று ஆயத்தம்பண்ணின வழியைக் காணும்படி நம் கண்களைத் திறந்தருள்வாராக. ஆமென்.