கூடாரம் தின்ற பூஞ்சையும் பட்டாள முகாமின் பட்டறைகளும்

ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்றால், சேர்வராயன் மலையடிவாரத்தில் சேலம் நகரம் முழுவதும் விரிந்து கிடக்கும். அந்தச் சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, முப்பது ஆண்டுகள் கழித்து, நாட்டின் கவர்னர் ஜெனரலாக வேறொரு ஊருக்கு அடிக்கல் நாட்டினார். 1949 ஆகஸ்ட் 8ஆம் தேதி, மும்பையை அடுத்த கல்யாண் ராணுவ முகாமுக்கு, பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரால் உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டப்பட்டது. பட்டாளத்துக்காகக் கட்டிய இடம் சிறுதொழில் ஊராக மாறியதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் காண்பது அரிது.

இரண்டாம் உலகப் போரின்போது 6,000 சிப்பாய்களும் மற்றவர்கள் 30,000 பேரும் தங்குவதற்காக எழுந்தது அந்த முகாம். 2,126 பாரக்குகள். பெரும்பாலானவற்றில் நடுவே ஒரு பெரிய கூடம், இரு முனைகளிலும் அறைகள். போர் முடிந்ததும் முகாம் வெறிச்சோடியது. அடுத்து வந்தது பிரிவினை. சிந்து மாகாணத்தில் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய மக்கள் இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டார்கள். ஒரே கூடத்தில் சாக்குத் திரை கட்டிப் பல குடும்பங்கள் வாழ்ந்த காலம் அது. அப்பளம் இட்டும் மிட்டாய் காய்ச்சியும் தையல் இயந்திரம் மிதித்தும் அவர்கள் பிழைத்தார்கள். இன்று ஜீன்ஸ், மரச்சாமான், பிளாஸ்டிக், அச்சு என அங்கே நடக்காத சிறுதொழில் குறைவு. முகவரிகளில் மட்டும் ‘கேம்ப் 1’ முதல் ‘கேம்ப் 5’ வரை பழைய எண்கள் அப்படியே நிற்கின்றன.

பாரக்குக்கும் பட்டறைக்கும் இவ்வளவு பொருத்தம் எப்படி வந்தது? விடையில் பாதியை மின்சார மோட்டாரிடம் கேட்க வேண்டும். நீராவிக் காலத்தில் ஓர் ஆலைக்கு ஒரே பெரிய எஞ்சின். அதன் சுழற்சியை உத்தரத்தில் ஓடும் நீண்ட இரும்புத் தண்டும் தோல் பெல்ட்டுகளும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கொண்டுபோகும். அதனால் தொழில் என்றாலே பிரமாண்டமான கட்டடம் என்று ஆனது. இயந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்ற நிலை வந்ததும் அந்தக் கட்டாயம் உடைந்தது. தொழிற்கூடத் தையல் இயந்திரம் ஒன்றுக்கு அரைக் குதிரைத்திறன் போதும். கட்டில்கள் வரிசையாகக் கிடந்த கூடத்தில் இயந்திரங்கள் வரிசையாக நிற்கலாம். முனையில் உள்ள அறை கிடங்காகும், இல்லையென்றால் வீடாகும். கூடவே, கல்யாண் ரயில் சந்திப்பு கூப்பிடு தூரத்திலும் மும்பைச் சந்தை ரயிலில் எட்டும் தூரத்திலும் இருந்தன.

மீதிப் பாதியை 1890இலேயே ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் விளக்கிவிட்டார். ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்கள் ஏன் ஒரே ஊரில் குவிந்தார்கள் என்று ஆராய்ந்தவர் அவர். தேர்ந்த ஆட்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். மூலப்பொருள் விற்பவரும் பழுது பார்ப்பவரும் அங்கேயே கடை போடுவார்கள். தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பேச்சோடு பேச்சாகப் பரவும். ஜீன்ஸ் தொழிலைப் பாருங்கள். ஒருவர் துணி வெட்டுவார், ஒருவர் தைப்பார், ஒருவர் காஜா எடுப்பார், ஒருவர் ரிவெட் அடிப்பார், ஒருவர் சலவை செய்வார். பெரிய ஆலை ஒரே கூரைக்குள் செய்வதை இங்கே ஒரு தெரு செய்கிறது.

சலவைதான் இதில் வியப்பான கட்டம். ஜீன்ஸின் நீலம் அவுரி நீலம். இன்று அது பெரும்பாலும் வேதிச் சாயமாகவே வருகிறது. 1883இல் அடால்ஃப் வான் பேயர் அதன் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறிந்தார். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த நீலம் தண்ணீரில் கரையாது. காரத்தோடு ஹைட்ரோசல்ஃபைட் சேர்த்தால், மஞ்சள் கலந்த பச்சை நிறம் பெற்றுக் கரையும். அதில் நூலை முக்கி வெளியே எடுத்தால், காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. இப்படிப் பலமுறை முக்கினாலும் சாயம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடும், உள்ளே வெள்ளை அப்படியே இருக்கும். மேற்பரப்பைச் சற்றே தேய்த்தால் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். புத்தம் புதுக் கால்சட்டை பழையதுபோல் வெளிறித் தோன்றுவது இதனால்தான்.

முதலில் எரிமலை நுரைக்கல்லைப் போட்டுத் துவைத்தார்கள். பிறகு ஒரு பூஞ்சையிடம் அந்த வேலை போனது. அதன் கதை முன்பே தொடங்கியது: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென் பசிபிக்கின் சாலமன் தீவுகளில், அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போய்க்கொண்டிருந்தன. காரணத்தைத் தேடிய ராணுவ ஆய்வாளர்களின் கையில் டிரைக்கோடெர்மா இனப் பூஞ்சை ஒன்று சிக்கியது. எல்வின் ரீஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், அது சுரக்கும் செல்லுலேஸ் என்ற நொதியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1977இல் அந்தப் பூஞ்சைக்கு டிரைக்கோடெர்மா ரீசை என்று அவர் பெயரே வைக்கப்பட்டது. பருத்தி நாரின் செல்லுலோஸ் சங்கிலியைக் கத்தரிப்பதே செல்லுலேஸின் வேலை. நூலின் மேல் நார்கள் அறுந்து விழும்போது ஒட்டியிருந்த நீலமும் உதிர்கிறது. சிப்பாயின் கூடாரத்தைத் தின்ற நொதி, இன்று உலகெங்கும் ஜீன்ஸ் சலவையில் உழைக்கிறது.

உதிர்ந்த நீலம் எங்கே போகும்? உல்லாஸ்நகரில் அது வால்துனி ஆற்றுக்குப் போனது. அம்பர்நாத்தில் 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சிவன் கோயிலைத் தொட்டு வரும் ஆறு அது. சலவைப் பட்டறைகளின் கழிவு, நீரைக் கறுப்பாக்கியது. வழக்குகள் வந்தன, பட்டறைகள் மூடப்பட்டன, அதையே நம்பியிருந்த தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ 36,000 பேருக்கென அமைந்த முகாம் நிலத்தில், 2011 கணக்கெடுப்பின்படி 5,06,098 பேர் வாழ்ந்தார்கள். பரப்போ சுமார் 13 சதுர கிலோமீட்டர்தான். கூடத்தை மாற்றிக்கொள்ள மக்களால் முடிந்தது. நிலத்தடிக் குழாயையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் தனித்தனிக் குடும்பங்கள் எப்படிக் கட்டும்? அது அரசு செய்திருக்க வேண்டிய வேலை.

சேலத்துக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. சேர்வராயன் மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு, நகருக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துகொண்டுதான் காவிரியை நோக்கிப் போகிறது. பருத்தி நூலில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு நிறைய வேண்டும். நூலுக்குப் போட்ட மாவுப்பசை கழிவில் கலந்தால் அதை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், உப்பை எந்த உயிரும் தின்னாது. சவ்வு வழியே வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி எடுப்பதுதான் வழி. அதற்குச் செலவு அதிகம், சிறு சாயப்பட்டறையால் தனியாகத் தாங்க முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணைப்படி திருப்பூர் சாய ஆலைகள் மூடப்பட்ட பிறகுதான், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீர்செய்யும் வேலை அங்கே வேகம் பிடித்தது.

பழைய ராணுவ நிலமோ மூடிக்கிடக்கும் ஆலையோ தொழிற்பேட்டையாகப் போகிறது என்ற செய்தி உங்கள் ஊரில் வந்தால், மகிழுங்கள். கட்டி முடித்த கூரைக்கும் சாலைக்கும் மறுபடி உயிர் கிடைப்பது நல்ல காரியம். ஆனால் மனை எண் போட்ட வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன்பே, தண்ணீர் எங்கிருந்து வரும், எந்த வழியாக வெளியேறும், யார் செலவில் சுத்தமாகும் என்று கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்.