திரும்பி வரும் திகதி தெரிந்த பயணம்

எங்கள் இணுவிலில் பயணம் என்று சொன்னால், நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களுக்கு 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவுதான் முதலில் நினைவுக்கு வரும். வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த இரவு அது. எந்தப் பெட்டியை எடுப்பது, மாட்டை அவிழ்த்து விடுவதா, நடக்க முடியாத அம்மாவைச் சைக்கிளில் எப்படி இருத்துவது என்பவைதான் அன்றைய பயண ஏற்பாடுகள். பிறகு வந்த பயணங்களும் அப்படித்தான். வன்னிக்கு, முகாமுக்கு, தடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்க்கப் பூசாவுக்கு. எப்போது திரும்புவோம் என்று ஒன்றிலும் தெரியாது.

ஆகவே, தோழிகளோடு சிங்கம் பார்க்கவும் ஊர் சுற்றவும் போனவள் நான் என்றால் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் சிரிப்பார்கள். "ரீச்சர் கதை விடுறா" என்பார்கள். கதை அல்ல, சகோதரிகளே.

1970களிலும் 80களிலும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் நைஜீரியா, சாம்பியா போன்ற ஆபிரிக்க நாடுகளுக்குப் படிப்பிக்கப் போனார்கள். நான் 1980 இல் சாம்பியாவுக்குப் போனேன். 1964 இல் சுதந்திரம் கிடைத்தபோது அந்த நாட்டில் பட்டதாரிகள் ஏறக்குறைய நூறு பேர்தான் இருந்தார்கள். அதனால் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க வெளியிலிருந்து ஆட்களை எடுத்தார்கள். அப்போதைய ஜனாதிபதி கென்னத் கவுண்டாவும் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தவர்தான். எனக்குக் கிடைத்தது கப்வே என்ற சுரங்க நகரத்தில் ஒரு பெண்கள் பாடசாலை. சோளமாவில் களிபோலக் கிண்டும் 'ன்சிமா' எங்கள் பிட்டுக்கு ஈடாகாது. ஆனாலும் பழகிவிட்டது.

பணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைத்தான் நாட்டுக்கு அனுப்ப விட்டார்கள். செம்பு விலை விழுந்து அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்த காலம். மிச்சம் குவாச்சாவாக அங்கேயே கிடந்தது. வீட்டுக்கு அனுப்ப முடிந்ததை எல்லாம் அனுப்பினேன். தங்கச்சிமாரின் படிப்பும் கலியாணமும் அதில்தான் நடந்தன. அனுப்ப முடியாததை என்ன செய்வது? மூன்று தோழிகளோடு சேர்ந்து பயணம் போனேன். ஒருத்தி மட்டக்களப்பு, ஒருத்தி கேரளம், மற்றவள் காலியைச் சேர்ந்த சிங்களப் பெண். "பொம்பிளைப் பிள்ளை மிருகம் பாக்கக் காட்டுக்குப் போறதோ? கேக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்ல?" என்று அம்மா எழுதினா. பாடசாலையால் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொல்லுங்கோ என்று பதில் எழுதினேன்.

சபாரி என்றால் சுவாகிலி மொழியில் பயணம். 'சபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் முஸ்லிம் சகோதரிகளுக்கு அது தெரிந்த சொல்தான். அங்கே மிருகம் பார்க்கத்தான் போகவேண்டும் என்றில்லை, சந்தைக்குப் போனாலும் சபாரிதான்.

ஒரு ஏப்ரல் விடுமுறையில் லிவிங்ஸ்டன் நகருக்குப் போய் விக்ரோறியா நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். ஊர்ச் சனம் அதற்கு வைத்த பெயர் 'மோசி ஓவா துன்யா', இடிமுழக்கும் புகை. 1700 மீற்றருக்கு மேல் அகலம், நூறு மீற்றருக்கு மேல் உயரம். நாலுபேரின் சேலையும் தோய்ந்து பிழிய வேண்டியதாயிற்று. வேறொரு விடுமுறையில் கபிரி ம்போசியில் றெயில் ஏறித் தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்குப் போனோம். சீனா கட்டிக்கொடுத்த 1860 கிலோமீற்றர் பாதை அது. செலூஸ் வனத்தின் ஊடாகப் போகும்போது றெயில் யன்னலாலேயே ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம். ஆனால் எனக்கு மனதில் நிற்பது நகரந்தான். தென்னை, மரவள்ளி, கடற்காற்று எல்லாம் ஊரைப் போல. ஆனால் எங்களை யாருக்கும் தெரியாது. நான்கு பெண்கள் பின்னேரம் கடற்கரையில் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நடந்தோம். யாருடைய பெட்டை, எங்கே போகிறாள் என்று கேட்க ஒருவரும் இல்லை. முப்பது வயதில் எனக்கு அது புதிது.

தென் லுவாங்வா வனத்துக்கு 1983 ஓகஸ்ற் விடுமுறைக்கு முன்கூட்டியே காசு கட்டியிருந்தோம். யாழ். மாவட்டத்தைப் போல ஒன்பது மடங்கு பெரிய காடு. ஜூலைக் கடைசியில் பீபீசியில் கொழும்புச் செய்தி வந்தது. அக்கா குடும்பம் வெள்ளவத்தையில் இருந்தது. பத்து நாட்கள் நான் சாப்பிட்டேனா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பத்து நாளும் காலித் தோழி பாடசாலை விட்டதும் வந்து என் வீட்டு விறாந்தையில் இருந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள், றேடியோவைத் திருப்பினாள். பிறகு தந்தி வந்தது: வீடு போய்விட்டது, எல்லோரும் கப்பலில் காங்கேசன்துறை வந்து சேர்ந்துவிட்டார்கள். "நான் வராமல் விடட்டா?" என்று அவள் கேட்டாள். "நீ வராட்டி நானும் போகமாட்டன்" என்றேன். போனோம்.

அந்த வனத்தில் நடந்தும் மிருகம் பார்க்கலாம். துவக்குடன் ஒருவர் முன்னால், நாங்கள் வரிசையாகப் பின்னால். நிறமான உடுப்பு கூடாது, கதைக்கக் கூடாது, என்ன வந்தாலும் ஓடக்கூடாது. ஓடினால் மிருகம் எங்களை இரை என்று நினைத்துவிடும் என்றார். ஆற்றில் கரும்பாறைகள் என்று நினைத்தவை எல்லாம் நீர்யானைகள். அப்போது தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தார்கள். யானைக் கூட்டம் ஒன்று எங்களைக் கண்டதும் குட்டிகளை நடுவில் விட்டுச் சுற்றி நின்றது. காலித் தோழி என் கையைப் பிடித்திருந்தாள். இரவு கூடாரத்தில் சிங்கத்தின் சத்தம் கேட்டபோது, என் அக்காவின் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். சொன்னேன். அன்றுதான் நித்திரை வந்தது.

1986 இல் ஊர் திரும்பினேன். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஒழுங்கையில் புருசன் இல்லாத பெண்கள் அதிகம். கோயில் தவிர வேறெங்கும் போவது தங்களுக்கு அடுக்காது என்று அவர்களே முடிவெடுத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுவதற்கு உரிமை தருகிற ஊர் சிரிப்பதற்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறது? பதினொரு பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்தோம். மாதம் 1000 ரூபா, பத்து மாதம். 2023 இல் வான் பிடித்து அனுராதபுரம் வழியாக வில்பத்துவுக்குப் போனோம். போரில் நெடுநாள் மூடிக்கிடந்து 2010 இல் மீண்டும் திறந்த வனம். அங்குள்ள இயற்கைக் குளங்களை 'வில்லு' என்கிறார்கள். இணுவில், கோண்டாவில், கொக்குவில் என்பவற்றில் உள்ள வில்லும் குளந்தான் என்பர். "அப்ப எங்கட ஊரும் காடோ ரீச்சர்?" என்று வானுக்குள் ஒரே சிரிப்பு.

எங்களில் ஒருத்தி 2009 இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தவள். காட்டுக்குள் ஜீப் நுழைந்ததும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மிதிவெடி இல்லையோ எண்டு கேளுங்கோ" என்றாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். சாரதிப் பையன் ஜீப்பை நிறுத்தி, தான் தினமும் இந்தப் பாதையால் போய்வருவதாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள், கம்பியை விடவில்லை. கொஞ்சத் தூரத்தில் கரடி ஒன்று பாலைமரத்தடியில் பழம் பொறுக்கித் தின்றது. எங்களைப் பார்த்து, சட்டை செய்யாமல் மீண்டும் தின்றது. "என்ர மாமியைப் போல" என்றாள் அவள். கம்பியை விட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது, முன்பு சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினோம். அடுத்தது எங்கே என்று கேட்டவளும் அவள்தான். நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. குறிகட்டுவானில் படகு ஏறவேண்டும், செலவும் குறைவு. புதுச் சீட்டுத் தொடங்கிவிட்டோம். இம்முறை பதின்மூன்று பேர். அவர்களில் இரண்டு பேர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.