ஹப்பிள் படத்திலிருந்து எதையெல்லாம் கழிக்கிறார்கள்?

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் கோப்பை எந்தத் திருத்தமும் செய்யாமல் திறந்து பார்த்தால், செய்தித்தாள்களில் பார்த்துப் பழகிய வண்ணமயமான நெபுலா அதில் தெரியாது. சாம்பல் நிறப் பரப்பும், அதில் சிதறிக் கிடக்கும் வெள்ளைப் புள்ளிகளும் கீறல்களும்தான் தெரியும். அந்தப் புள்ளிகளில் பல விண்மீன்களே அல்ல. கேமராவின் சில்லை ஊடுருவிச் சென்ற காஸ்மிக் கதிர்கள் விட்ட தடங்கள்.

2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் ஹப்பிளில் பொருத்திய 'வைட் ஃபீல்ட் கேமரா 3'ஐ எடுத்துக்கொள்வோம். புற ஊதா ஒளியையும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பதிவுசெய்ய அதில் இரண்டு சிசிடி சில்லுகள் உள்ளன. ஒளி விழுந்தால் பிக்சலில் எலெக்ட்ரான் சேரும். அதை எண்ணினால் ஒளியின் அளவு தெரிந்துவிடும். ஆனால் ஒளியே படாத பிக்சலும் சுமார் 2,500 என்று எண் காட்டும். மின்சுற்றில் வேண்டுமென்றே வைத்த அடிமட்டம் அது. முதலில் அதைக் கழிக்க வேண்டும். அடுத்தது வெப்பத்தால் தானாகத் தோன்றும் எலெக்ட்ரான்கள். சில்லை மைனஸ் 83 டிகிரி செல்சியஸில் குளிர்வித்தும் அவை முழுதாக ஒழிவதில்லை. அதனால் ஷட்டரை மூடிவைத்து வெறும் இருட்டைப் படமெடுத்து, அந்த அளவையும் கழிக்கிறார்கள். ஒரே அளவு ஒளிக்கு ஒரு பிக்சல் கூடுதலாகவும் பக்கத்துப் பிக்சல் குறைவாகவும் கணக்குச் சொல்லும் என்பதால், சீரான ஒளியில் எடுத்த படத்தால் வகுத்து அதையும் சரிசெய்கிறார்கள்.

இதுவரை சொன்னது எந்த வானியல் கேமராவுக்கும் பொருந்தும். விண்வெளிக் கேமராவுக்கென்றே உள்ள சோதனை கதிர்வீச்சு. அது சில்லின் சிலிக்கான் படிகத்தை ஆண்டுக்கணக்கில் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. பழுதான பிக்சல்கள் இருட்டிலும் பளிச்சென்று எரியும். மாதத்துக்கு ஒருமுறை சில்லை அறை வெப்பநிலை அளவுக்குச் சூடாக்கினால் அவற்றில் பல குணமாகிவிடும்; மற்றவை அப்படியே தங்கிவிடும்.

இதைவிடச் சிக்கலான சேதம் ஒன்று உண்டு. பிக்சலில் சேர்ந்த எலெக்ட்ரான்களை இருந்த இடத்திலேயே எண்ணுவதில்லை. வரிசையாக நிற்பவர்கள் தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றித் தீப்பிடித்த இடத்துக்குக் கொண்டுபோவதுபோல, அவை பிக்சல் பிக்சலாக நகர்ந்து சில்லின் விளிம்புக்கு வந்த பிறகே எண்ணப்படுகின்றன. தொலைவில் உள்ள பிக்சலுக்கு இப்படி 2,000 முறைக்கு மேல் கைமாற வேண்டியிருக்கும். வழியில் உள்ள பழுதுகள் சில எலெக்ட்ரான்களைப் பிடித்துவைத்துப் பின்னால் வரும் குடத்தில் விட்டுவிடும். விளைவு, விண்மீனுக்குப் பின்னால் ஒரு மங்கலான வால். விண்மீனும் உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். சில்லின் எந்தப் பகுதியில் விண்மீன் விழுந்தது என்பதைப் பொறுத்து அதன் பிரகாசம் மாறினால், அந்த அளவீட்டை யார் நம்புவது?

ஹப்பிளின் இன்னொரு கேமராவான ஏசிஎஸ்ஸுக்கு 2010இல் ஜே ஆண்டர்சனும் லூயிஜி பெடினும் கண்ட தீர்வு என்னை வியக்கவைக்கிறது. இருட்டுப் படங்களில் எரியும் அதே பழுதான பிக்சல்களை அவர்கள் அளவுகோலாக்கிக்கொண்டார்கள். பழுது ஒரே ஒரு பிக்சலில்தான் இருக்கிறது என்பது உறுதி; எனவே அதன் பின்னால் தெரியும் வால் முழுவதும் கைமாறும்போது நேர்ந்த இழப்பு. அந்த வால்களை அளந்து, எந்த எலெக்ட்ரான் எங்கிருந்து புறப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டு, அதைப் பழைய இடத்துக்கே திருப்பினார்கள். மங்கலான காட்சிகளுக்கு முன்னெச்சரிக்கையும் உண்டு. கேமராவுக்குள் உள்ள சிறு எல்.இ.டி. விளக்கால் சில்லில் கொஞ்சம் ஒளியைப் பாய்ச்சிப் பழுதுகளை முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்கள். சேர்த்த ஒளியைப் பிறகு கழித்துவிடுகிறார்கள்.

காஸ்மிக் கதிர்த் தடங்களை நீக்க, ஒரே இடத்தைப் பல முறை படமெடுப்பதே வழி. எல்லாப் படங்களிலும் இருப்பது வானத்தில் உள்ளது. ஒன்றில் மட்டும் தெரிவது கதிர். ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை இம்மியளவு நகர்த்திக்கொண்டால் கூடுதல் பயன் கிடைக்கும். 1995 டிசம்பரில் பத்து நாட்களில் எடுத்த 342 படங்களைச் சேர்த்து உருவானதுதான் 'ஹப்பிள் ஆழ்புலம்'. அன்றைய கேமராவின் பிக்சல்கள் தொலைநோக்கியின் கூர்மைக்கு ஈடுகொடுக்காத அளவு பெரியவை. அந்தக் குறையைத் தாண்ட ஆண்ட்ரூ ஃப்ரக்டரும் ரிச்சர்ட் ஹுக்கும் உருவாக்கிய 'டிரிசில்' முறை, இப்படி நகர்த்தி எடுத்த படங்களின் ஒவ்வொரு பிக்சலையும் சுருக்கி, நுண்ணிய கட்டங்கள் கொண்ட புதிய தளத்தில் அதற்குரிய இடத்தில் இறக்கிவைத்தது. வானியலாளர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

எண்ணிய எலெக்ட்ரான்களை உண்மையான பிரகாசமாக மாற்ற, ஜிடி 71, ஜிடி 153 போன்ற வெண்குறுமீன்கள் உதவுகின்றன. அவற்றின் ஒளியைக் கோட்பாட்டின் மூலமே துல்லியமாகக் கணிக்க முடியும் என்பதுதான் காரணம். வண்ணம் சேர்ப்பது கடைசி வேலை. 1995இன் புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். இதை வைத்துப் படமே பொய் என்பவர்கள் உண்டு. அது தவறு, எந்த வாயு எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடமாக அதைப் பார்ப்பதே சரி.

திருத்தாத கோப்புகளை பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் அழிப்பதில்லை. திருத்தமுறை மேம்படும்போது பழைய கோப்புகளைப் புதிதாகக் கணக்கிட முடியும். எச்ஆர் 8799 என்ற விண்மீனை 1998இல் ஹப்பிளின் நிக்மோஸ் கேமரா படமெடுத்தது. அப்போது அதில் கோள் எதுவும் தென்படவில்லை. 2008இல் தரையிலுள்ள தொலைநோக்கிகள் அந்த விண்மீனைச் சுற்றும் மூன்று கோள்களை அறிவித்தன. மறு ஆண்டே டேவிட் லாஃப்ரெனியர் குழுவினர் விண்மீனின் ஒளியை இன்னும் நேர்த்தியாகக் கழித்து, 1998 படத்திலேயே ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். 2011இல் ரெமி சும்மர் குழு மூன்றையும் மீட்டது. இவற்றில் விண்மீனுக்கு நெருக்கமான கோளே ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ நூறு ஆண்டு எடுத்துக்கொள்ளும். அதன் பாதையைக் கணிக்க முனைந்தவர்களுக்குக் கூடுதலாகப் பத்தாண்டு நகர்வு அந்தப் பழைய கோப்பிலிருந்தே கிடைத்துவிட்டது.